கோடு தெரிகிறது, வழி தெரியவில்லை

நில வரைபடங்கள் இணையத்தில் ஏறிவிட்டன. யாருக்கு லாபம், யாருக்கு வழக்கு?

தென்னார்க்காட்டுச் சீமையைச் சேர்ந்த ஒரு வட்டத் தலைநகரில், தாலுகா கச்சேரிக்கு எதிர்ச்சாரியில், தேநீர்க் கடைக்கும் பத்திர எழுத்தர் ஒருவரின் திண்ணைக்கும் இடையே, இரண்டு கணினிகளையும் ஒரு ஜெராக்ஸ் இயந்திரத்தையும் மூலதனமாக வைத்து நடக்கும் சிறிய கடையொன்றில், என் முறைக்காக நான் காத்திருந்த ஒரு முற்பகலில், எனக்கு முன்னால் மஞ்சள் பையோடு நின்ற பெரியவர் ஒருவர் தம் கொல்லையின் படத்தை எடுத்துத் தரும்படி கேட்டார். கடைப் பையன் மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் தட்டி, 'அங்கீகார மதிப்பு' என்று அந்தத் தளம் கேட்கும் கோணல் எழுத்துகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து இரண்டாம் தடவையில் சரியாக இட்டு, அச்சு இயந்திரம் தள்ளிய தாளைச் சூடு ஆறுமுன்பே பெரியவர் கையில் கொடுத்தான். ஒரு புலப்பட நகலுக்காகச் சர்வேயரின் தயவை நாடி மாதக்கணக்கில் நடந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது அற்புதம் என்றே தோன்றும்.

பெரியவர் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். ஒழுங்கற்ற நாற்கோணம் ஒன்று. அதனுள்ளே குறுக்காக ஓடும் ஒரு கோடு. கோடுகளின் ஓரத்தில் புள்ளி வைத்த மீட்டர் அளவுகள். வெளியே நாற்புறமும் அண்டை நிலங்களின் எண்கள். தலைகீழாகத் திருப்பினார். மறுபடி நேராக்கினார்.

"நம்ம கொல்லைக்குப் போற வழி இதுல எங்கப்பா இருக்கு?"

"வழி இதுல இல்லீங்க தாத்தா. கெவர்மெண்ட்ல இருக்கற கோடு மட்டுந்தான் வரும்."

"அப்ப அறுபது வருஷமா நான் எதுமேல நடந்து போறேன்?"

பையன் பதில் சொல்லவில்லை, "அடுத்து யாருங்க?" என்றான். பக்கத்துப் புலத்தைப் பட்டணத்துக்காரர் ஒருவர் வாங்கியிருக்கிறார் என்றும், அவரும் இதே தளத்தில் இதே படத்தை எடுத்துக் காட்டி, 'இதில் வழி எங்கே இருக்கிறது?' என்று கேட்டுக் கம்பிவேலி போட்டுவிட்டார் என்றும், திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பத்திர எழுத்தர் பிறகு எனக்குச் சொன்னார். பெரியவரிடம் இருந்த பழைய கிரயப் பத்திரத்தில் 'மாமூல் வழிநடைப் பாத்தியம் உள்பட' என்று ஒரு தொடர் இருக்கிறதாம். பத்திரத்தில் இருக்கும் அந்தத் தொடர் படத்தில் இல்லை. படமோ உலகம் முழுவதற்கும் திறந்து கிடக்கிறது. பத்திரம் மஞ்சள் பைக்குள் இருக்கிறது.

சர்க்காரின் நில விவரங்களையும் வரைபடங்களையும் இணையத்தில் பகிரங்கமாக வைப்பது நல்ல காரியமா என்று இன்று விவாதிப்பது, மழை பெய்வது நல்லதா என்று விவாதிப்பதைப் போன்றது; அது நடந்துவிட்டது, நடந்ததில் நன்மையே மிகுதி. காண்பதற்கு ஒரு நொடி போதும் என்று ஆன பிறகும், கண்டதில் பிழையிருந்தால் திருத்துவதற்குப் பழைய ஆண்டுக்கணக்கே நீடிக்கிறதே, அந்த இடைவெளியில் விழுகிறவர்கள் யார் என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

என்னென்ன ஏறியிருக்கின்றன?

'எங்கிருந்தும் எந்நேரமும்' என்ற முகப்புடன் நடக்கும் தமிழக அரசின் தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேட்டின் நகல், நகர நில அளவைப் பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றை எவரும் பார்க்கலாம்; ஒரு நிலம் புறம்போக்கா என்றும் சரிபார்க்கலாம். வில்லங்கச் சான்றும் வழிகாட்டி மதிப்பும் பதிவுத் துறையின் தளத்தில் கிடைக்கின்றன. சென்னைப் பெருநகரத்தில், புல எண்ணைத் தந்தால் அந்த இடம் குடியிருப்புக்கா, தொழிலுக்கா, திறந்தவெளிக்கா என்பதை 2008-ஆம் ஆண்டின் இரண்டாம் முழுமைத் திட்டப்படி சொல்லும் வசதியும் உண்டு. மத்திய அரசு 2008-இல் தொடங்கிய நில ஆவண நவீனமயத் திட்டம் இவற்றில் பலவற்றுக்குப் பணமும் வேகமும் தந்தது. முன்னுரை இவ்வளவு போதும், யாவரும் அறிந்ததே.

பெட்டிச் செய்தி: கச்சேரிச் சொற்கள்

பட்டா: இந்த நிலத்துக்கு இவர் தீர்வை செலுத்துகிறவர் என்று வருவாய்த் துறை தரும் ஆவணம்.
சிட்டா: ஒரு பட்டாதாரர் பெயரில் அந்தக் கிராமத்தில் உள்ள நிலங்களின் தொகுப்பு.
அ-பதிவேடு: புல எண் வாரியாக, நிலத்தின் வகை, பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர்.
அடங்கல்: அந்தப் பசலியில் (வருவாய்க் கணக்காண்டில்) அந்தப் புலத்தில் என்ன விளைந்தது என்ற கணக்கு.
புல வரைபடம்: ஒரு புல எண்ணின் எல்லைகளும் அளவுகளும் உட்பிரிவுகளும்.
வில்லங்கச் சான்று: குறிப்பிட்ட காலத்தில் அந்தச் சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்.

பட்டாவில் '0 - 40.50' என்றிருந்தால் நாற்பதரை ஏர். ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். 1 ஏர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 செண்ட். 1 செண்ட் 435.6 சதுர அடி.

யானை நடந்த எல்லை

நிலக் கணக்கைப் பகிரங்கப்படுத்துவது நமக்குப் புதிதல்ல. முதலாம் ராஜராஜன் காலத்தில் நாடு அளக்கப்பட்டு, நுண்ணிய பின்னங்கள் வரை கணக்கெடுக்கப்பட்ட நிலங்களின் விவரம் கோயிற்சுவர்களில் கல்லில் வெட்டப்பட்டது. கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் என்று நான்கெல்லையும் சொல்லி, நீர் பாயும் வாய்க்காலையும் நீர் வடியும் வாய்க்காலையும்கூடச் சொல்லி வெட்டினார்கள். தானம் கொடுத்த ஊருக்கு எல்லை வகுக்கும்போது பெண் யானையை எல்லையைச் சுற்றி நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நட்டார்கள் என்று செப்பேடுகளால் அறிகிறோம். இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. யானை நடக்கிறபோது அக்கம்பக்கத்து ஊரார் எல்லாரும் கூடி நின்று பார்க்கிறார்கள் அல்லவா, யானை தவறி அடுத்தவன் வரப்பில் கால் வைத்தால் அந்த க்ஷணத்திலேயே கூச்சல் எழும் அல்லவா, அதற்காகச் சொல்கிறேன். பிரசுரமும் ஆட்சேபமும் ஒரே இடத்தில், ஒரே பொழுதில் நிகழ்ந்தன.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டத்திலும் இந்த நியாயம் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள்: அளக்கப்போவதாக முதலில் அறிவிப்பு, எல்லை தீர்மானமானவுடன் சம்பந்தப்பட்டவர்களுக்கு நோட்டீஸ், ஒப்பாதவருக்கு மேல்முறையீடு, எல்லாம் முடிந்தபின் அளவை முடிந்தது என்ற பிரசுரம், அந்தப் பிரசுரத்துக்குப் பிறகும் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக 3 ஆண்டு அவகாசம். அந்தச் சட்டத்தில் 'பிரசுரம்' என்ற சொல்லுக்கு, இதைப் பார், இதில் குறையிருந்தால் இன்ன தேதிக்குள் சொல் என்று பொருள். இணையத்தில் ஏறிய படத்துக்கு அப்படித் தேதியும் இல்லை, கேட்கும் காதும் இல்லை. சங்கிலியும் மீட்டரும் பிடித்து எடுத்த அளவுகளைக் கணினியில் ஏற்றிய நாளில் எந்தப் பட்டாதாரருக்கும் நோட்டீஸ் போனதில்லை. ஏனெனில் அது புது அளவையல்ல, பழையதன் நகல்தானே என்பது அதிகாரிகளின் வாதம். வாதம் சட்டப்படி சரி. ஆனால் நகல் எடுக்கும்போது நேர்ந்த பிழை யார் கணக்கில் சேர்வது?

பிழையின் பிறப்பிடம்

புல வரைபடத்தில் சர்வேயர்கள் 'ஜி லைன்' என்று சொல்லும் குறுக்குக் கோடு ஒன்று உண்டு. நிலத்தின் கோடியிலிருந்து கோடிக்கு அதை நேராகப் போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்தாக எத்தனை தூரம் என்று அளந்து குறித்துக்கொள்வார்கள். அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் கிடைப்பதே எல்லை. தேசியத் தகவல் மையத்தின் 'கொலாப்லேண்ட்' என்ற மென்பொருளில் இந்த அளவுகளை உள்ளிட்டால் அது படத்தைத் தானே வரைந்துவிடும். மிக நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் மங்கிப்போன தாளில் 3 என்பதை 8 என்று படித்துவிட்டால், அந்த இடத்தில் ஒரு வளைவு 5 மீட்டர் நகர்ந்து உட்கார்ந்துவிடும். அச்சிட்ட தாளோ அப்பழுக்கின்றி இருக்கும். கிழிந்த மூலத்தைப் பார்த்தால் சந்தேகம் வரும். சுத்தமான நகலைப் பார்த்தால் யாருக்கும் வருவதில்லை.

இதைவிடப் பெரிய பிழைக் களஞ்சியம் எண்களில் இல்லை, பெயர்களில் இருக்கிறது. 1979 முதல் 1987 வரை தமிழகம் முழுவதும் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில்தான், கிராம மக்கள் இன்றும் 'யு.டி.ஆர்.' என்று சொல்லி நெற்றியைச் சுருக்கும் அந்தத் திட்டத்தில்தான், பழைய பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. ஏக்கரும் செண்டும் ஹெக்டேராகவும் ஏராகவும் ஆயின. அந்த வேலையின் நடுவிலே, 1980 நவம்பர் 14-ஆம் தேதி, பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை அன்றைய எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. ஒழித்தது நியாயமே, அந்தப் பதவிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஊரை ஆட்டிப்படைத்தவர்கள் எத்தனை பேர் என்பதை என் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் எந்த வரப்பு எவனுடையது, எந்தச் சித்தப்பன் எந்த ஆண்டில் பங்கு பிரிந்தான் என்ற ஞாபகமும் அவர்களோடு எழுந்து போயிற்று. பாகம் பிரியாத அண்ணன் தம்பிகளில் வீட்டில் இருந்தவன் பெயர் ஏறியது, பம்பாய்க்கோ பினாங்குக்கோ போனவன் பெயர் விடுபட்டது. விதவையின் நிலம் மைத்துனன் பெயருக்கு வந்தது. அனுபவத்தில் இருந்த பட்டா நிலம் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதப்பட்டது. இணையத்தில் ஏறியிருக்கும் பெயர்களுக்கு மூலம் பெரும்பாலும் இந்தப் பதிவேடுகளே.

பட்டா உரிமையைத் தராது, தீர்வை யார் செலுத்த வேண்டும் என்று மட்டுமே சொல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 1996-லும் 1997-லும் வந்த தீர்ப்புகள் உட்பட எத்தனையோ முறை சொல்லியிருக்கிறது. வக்கீல்கள் இதை அறிவர், வங்கிகள் அறியும்; ஆனால் வாங்குகிறவரும் விற்கிறவரும், கைப்பேசியில் பச்சைக் கோபுரச் சின்னத்தோடு பெயர் வந்துவிட்டால், தீர்ப்பையெல்லாம் மறந்துவிடுவார்கள். தப்பான பெயர் முன்பு தாலுகா கச்சேரி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது அது சந்தையில் நடமாடுகிறது.

கைப்பேசி சர்வே

2021 பிப்ரவரி 15-ஆம் தேதி மத்திய அரசு வரைபடத் தயாரிப்புக்கு இருந்த பல கட்டுப்பாடுகளை நீக்கியது. செயற்கைக்கோள் படத்தின்மேல் புல எல்லைகளைப் போர்த்திக் காட்டும் தளங்களும் செயலிகளும் இன்று ஏராளம். தமிழக அரசின் புவியியல் தகவல் அமைப்பும் அவ்வாறு காட்டுகிறது. கண்ணுக்கு இதைப்போல் இனிமையான காட்சி வேறில்லை: தன் தென்னந்தோப்பைத் தன் உள்ளங்கையிலேயே பார்க்கலாம், கிணற்று மேட்டில் காயும் நெல்லைக்கூடப் பார்க்கலாம்.

ஆனால் அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் விபரீதம் பிறக்கிறது. தனித்தனியாக அளந்த புலப்படங்களைச் சேர்த்துக் கிராமப்படம் ஆக்கும்போது ஓரங்கள் பொருந்துவதில்லை. ஒரு பக்கம் இடைவெளி விழும், மறுபக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைக்கும்போது மொத்தமாகவே சில மீட்டர் நகர்ந்து உட்காரும். அளவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஆகவே அவர்கள் திரையை நம்பாமல் கல்லைத் தேடுகிறார்கள். கல்லைத் தேடத் தெரியாத நம்மவரோ, நீலக்கோடு பக்கத்துக்காரன் தென்னை வரிசைக்கு அப்பால் போவதைக் கண்டு, 'இத்தனை நாளாக என் இடத்தில் தேங்காய் பறித்திருக்கிறான்' என்று முடிவு கட்டிவிடுகிறார். என் சொந்த பந்தத்திலேயே இரண்டு வீட்டார் இப்படிக் கைப்பேசியை நீட்டிக்கொண்டு பொழியின்மேல் நின்று வாதாடியதையும், பிறகு முறையாகப் பணம் கட்டி அளக்க வந்த சர்வேயர் ஒரு பழைய கல்லைக் கோரைப்புல்லுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, 'எல்லை இங்கேதான் இருக்கிறது, எங்கும் போகவில்லை' என்று சொன்னதையும் நான் நேரில் பார்த்தேன். கல் கிடைத்தது. அந்த இரண்டு வீட்டாரின் பேச்சுவார்த்தை இன்னும் கிடைக்கவில்லை.

யார் கண்ணில் எவ்வளவு?

ஏழை விவசாயி ஒரு புல எண்ணைப் பார்க்கிறார். நிலத்தரகர் ஒரு கிராமத்தைப் பார்க்கிறார். பெருமுதலாளியின் அலுவலகம் ஒரு வட்டத்தையே பார்க்கிறது: எது சாலைக்கு அருகே, எதற்குப் பட்டாதாரர் ஒருவரே, எது வில்லங்கமின்றிக் கிடக்கிறது, எங்கே இரண்டு துண்டு நிலத்தை வாங்கினால் நடுவே உள்ள மூன்றாவது தானே மடியில் விழும் என்றெல்லாம் சேர்த்துப் பார்க்கிறது. ஒரே சாளரம்தான், பார்க்கும் கண்கள்தாம் வேறு வேறு.

இதற்கு அண்டை மாநிலத்தின் அனுபவம் சாட்சி. கர்நாடகம் 2000-ஆம் ஆண்டளவில் 'பூமி' என்ற திட்டத்தால் சுமார் 67 லட்சம் விவசாயிகளின் ஏறக்குறைய 2 கோடி 'பஹணி' என்னும் நில ஆவணங்களைக் கணினிக்குக் கொண்டுவந்து, 15 ரூபாய்க்கு ஒரு நகல் என்று தாலுகா தோறும் சாளரம் திறந்தது. சுமார் 9,000 கிராமக் கணக்கர்களின் ஏகபோகத்தை உடைத்தது என்று உலகமெங்கும் அது பாராட்டப்பட்டது. பாராட்டு பொய்யல்ல. ஆனால் 2007-இல் சாலமன் பெஞ்சமின் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் பெங்களூரைச் சுற்றி ஆராய்ந்து எழுதியபோது, லஞ்சம் ஒழியவில்லை, கிராமத்திலிருந்து தாலுகாவுக்கு இடம் மாறித் தொகையும் கூடியது என்றும், சிதறிக் கிடந்த விவரம் ஓரிடத்தில் குவிந்தது பெரிய நில வியாபாரிகளுக்கே மிகவும் அனுகூலமாயிற்று என்றும் கண்டார்கள். கிராமக் கணக்கனுடன் பேரம் பேச ஏழைக்குத் தெரியும். கணினியுடன் பேரம் பேச அவனுக்குத் தெரியாது. இப்படிச் சொல்வதால் லஞ்சத்தை நான் ஆதரிக்கிறேன் என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம்.

அந்தரங்கம் போய்விட்டதே என்று நகரவாசிகள் எழுப்பும் ஆட்சேபத்தை இதே இடத்தில் கவனிக்கலாம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், அதன் 57-ஆம் பிரிவில், சொத்துப் பத்திரங்களின் முதல் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தும் எவரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம் என்று நூறாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது. சொத்துப் பரிமாற்றம் ரகசியமாக இருந்தால் வஞ்சகத்துக்கு இடமாகும் என்பது அதன் காரணம். ஆகவே புதிதாக எதுவும் திறக்கப்படவில்லை என்பார்கள். எனினும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நடந்து போய், மனு எழுதி, வில்லை ஒட்டி, குமாஸ்தா முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்ற தடையே ஒரு காவலாக இருந்தது. ஆவடியில் ஒரு காலி மனை உண்டு, முப்பது வருஷமாக அதில் எந்தப் பரிவர்த்தனையும் இல்லை, உரிமையாளர் எழுபதைத் தாண்டிய மூதாட்டி என்ற மூன்று விவரங்களும் மூன்று தளங்களிலிருந்து ஒருவன் மேஜைக்கு வந்து சேரக்கூடும் என்றால், ஆள்மாறாட்டப் பத்திரம் எழுதுகிறவனுக்கு வேலை மிச்சம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சொன்னதை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். என் அபிப்பிராயத்தில், நிலத்தின் கோடு பகிரங்கமாக இருக்கலாம். அந்நிலத்தை யார் தேடிப் பார்த்தார் என்பது உரிமையாளருக்காவது தெரிய வேண்டும்.

பொதுவில் இருப்பதே கடைசியில் வருகிறது

தனியார் நிலத்தைப் பற்றி இவ்வளவு வெளிச்சம் போடும் சர்க்கார், தன்னுடைய நிலத்தின்மேல் அத்தனை வெளிச்சம் போடுகிறதா?

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற படையதிகாரி, இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளக்கப்போகும் மகா அளவையின் முதல் அடிக்கோட்டைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏழரை மைல் தூரத்துக்குச் சங்கிலி போட்டு அளந்தார். இமயம் வரை சென்ற கணக்கு அந்தக் கோட்டிலிருந்து பிறந்தது. அதே பெரும்பாக்கத்தை ஒட்டித்தான் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறது. இந்த நாட்டில் எல்லை தெளிவாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று நினைப்போம். காப்புக்காடாக அங்கே இருப்பது சுமார் 700 ஹெக்டேர். 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டதோ 1,247 ஹெக்டேர். காட்டுக்கு வெளியே மிஞ்சும் நிலம் எந்தெந்தப் புல எண்களில் அடங்குகிறது என்பது, அடுக்குமாடி கட்ட அனுமதி வாங்கியவரும், அங்கே வீட்டுக்கு முன்பணம் கட்டியவரும், 2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்காத அண்டை வீட்டாரும் ஒரே மாதிரி கேட்கும் கேள்வியாகி, நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. பரப்பளவை அறிவித்தால் மட்டும் பிரசுரம் ஆகாது. புல எண்ணில் இறங்கினால்தான் பிரசுரம்.

சரியாகச் செய்த உதாரணமும் உண்டு. 2021 ஜூனில் இந்து சமய அறநிலையத் துறை, கோயில்களுக்குச் சொந்தமான சுமார் 4.78 லட்சம் ஏக்கரில் 3.43 லட்சம் ஏக்கரின் ஆவணங்களை முதல் தவணையாக இணையத்தில் வைத்தது. பிறகு நவீனக் கருவிகளால் அளந்து எல்லைக்கல்லும் நடத் தொடங்கியது. ஊர்க்கோயில் குளத்தங்கரையில் கடை வைத்திருப்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், பக்தர் ஒருவர் புல எண்ணைச் சொல்லிக் கேட்க முடிகிறது என்றால், அந்தத் தைரியம் அந்தப் பட்டியலிலிருந்து வந்தது.

அதே தைரியத்தை மற்றொரு சாராருக்கு இன்னும் கொடுக்கவில்லை. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் அனுப்பிய அறிக்கையின் பேரில் 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று பரவலாகச் சொல்லப்படும் அந்த நிலத்தில் எது யார் கையில் இருக்கிறது என்பதை, கிராமம் வாரியாக, புல எண் வாரியாக, பழைய பதிவேட்டில் இருந்த வகையையும் இன்றைய பட்டாதாரரையும் எதிரெதிரே வைத்து ஒரே தாளில் காட்டும் பக்கம் அரசின் எந்தத் தளத்திலும் என் கண்ணில் படவில்லை. இதற்குத் தொழில்நுட்பத் தடை ஒன்றும் இல்லை. தேடுகிறவன் ஒவ்வோர் எண்ணாகத் தட்டிப் பார்க்கலாம் என்பது பதில் என்றால், அது கதவைத் திறந்து வைத்து உள்ளே விளக்கை அணைத்து வைப்பதற்குச் சமானம்.

பெட்டிச் செய்தி: மனை வாங்கப் போகிறீர்களா?

அ-பதிவேட்டில் உள்ள பரப்பையும் புல வரைபடத்தில் உள்ள பரப்பையும் ஒப்பிடுங்கள்.
பத்திரத்தின் நான்கெல்லையை, படத்தைச் சுற்றியுள்ள எண்களோடு ஒப்பிடுங்கள்.
'ஓடை', 'மேய்க்கால்', 'வண்டிப்பாதை' என்ற சொல் பழைய பதிவேட்டில் எங்காவது வருகிறதா என்று பாருங்கள்.
2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், அவ்வாண்டு அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றுக்கு மட்டும் வரன்முறை விதிகள் வந்ததும் நினைவிருக்கட்டும்.
எல்லாம் பார்த்தபின் ஒரு மாலைப்பொழுது அங்கே போய் நில்லுங்கள். யார் எந்தப் பக்கமாக நடந்து போகிறார்கள் என்று பாருங்கள்.

பெரியவர் வழி

வழிநடைப் பாத்தியம் 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவிக்கப்பட்டிருந்தால் உரிமையாகும் என்று 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம் சொல்கிறது. ஆகவே பெரியவருக்கு நியாயம் உண்டு. ஆனால் அதை நிலைநாட்ட அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், வக்கீல் வைக்க வேண்டும், நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் வந்து ஸ்தலத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை அவர் தம் வேர்க்கடலையைத் தலைச்சுமையாக அடுத்தவர் வரப்பைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வேலி போட்டவரை முழுக்கக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் சர்க்கார் காட்டிய படத்தை நம்பித்தான் பணம் கொடுத்தார்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. படத்தைக் காட்டும் அதே பக்கத்தில் 'இதில் பிழை இருக்கிறது' என்று சொல்ல ஒரு கட்டமும், சொன்ன மனுவுக்கு ஓர் எண்ணும், அது எத்தனை நாளாக யார் மேஜையில் இருக்கிறது என்ற விவரமும் வேண்டும். பெயர் மாறிய ஒவ்வொரு முறையும், எந்த ஆணையால், எந்தத் தேதியில் மாறியது என்பது பட்டாவின் கீழேயே தெரிய வேண்டும். ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராமசபையில் ஒரு முறையாவது, ஊரின் புறம்போக்குகளையும் ஏரி, குளம், ஓடை, பாதைகளையும் புல எண்ணோடு உரக்கப் படித்து, கிராமப்படத்தை முழுத்தாளாக ஊராட்சி மன்றச் சுவரில் ஒட்ட வேண்டும். அப்போது தாத்தாக்கள் எழுந்து நின்று, 'இங்கே ஒரு தடம் இருந்ததே' என்பார்கள். அதையும் யாராவது எழுதிக்கொள்ள வேண்டும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் நிலமோ, உங்கள் தகப்பனார் நிலமோ எதுவாயினும், அதன் பட்டாவையும் புலப்படத்தையும் இந்த வாரமே எடுத்துப் பழைய பத்திரத்தின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பெயரிலோ பரப்பிலோ பிசகிருந்தால் வட்டாட்சியருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அவர் ஆணை ஒப்பவில்லையென்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்குமேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு, உரிமையே தகராறென்றால் உரிமையியல் நீதிமன்றம். ஊர்க் கணக்குகளை எல்லாம் விரித்து வைத்து மனுக்களும் வாங்கும் ஜமாபந்தி, பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், உங்கள் தாலுகா கச்சேரியிலேயே நடக்கும். பசலி ஆண்டு ஜூன் 30-ஆம் தேதியோடு முடிகிறது.